ஹொட்லைனில் 2 அழுத்தினாலும் ஏன் எடுபடுவதில்லை? கதைக்கும்போது இன்னொரு கோல் வந்தால் எதை அழுத்துவது?

நீங்கள் கேட்டவை மூன்று. வெள்ளவத்தையில் இருக்கும் அம்மா, டொக்டரைச் சனல் பண்ண வைத்தியசாலை ஹொட்லைனுக்கு எடுத்து, தமிழுக்கு 2 என்றதும் 2ஐ அழுத்துகிறார். பதிவுக்குரல் மறுபடி முதலிலிருந்தே தொடங்குகிறது. புறக்கோட்டைக் கடையில் கீபேட் போன் வைத்திருக்கும் அப்பா, கதைத்துக்கொண்டிருக்கும்போது இன்னொரு கோல் வந்தால் தடுமாறி முதல் ஆளைக் கட் பண்ணிவிடுகிறார். யாழ்ப்பாணத்து மாமாவையும் கனடாவில் இருக்கும் அண்ணாவையும் ஒரே கோலில் சேர்க்க முடியவில்லை. மூன்றுக்கும் காரணம் ஒரே இடத்தில் இருக்கிறது. இலக்கம் அழுத்துவது, கோலை ஹோல்டில் போடுவது, இரண்டை ஒன்றாக்குவது எல்லாம் போனுக்குள் முடிகிற வேலைகள் அல்ல. போன் கட்டளையை மட்டும்தான் அனுப்புகிறது. செய்து முடிப்பது நெட்வர்க். அதனால் போனை மாற்றியும் தீராத கோளாறு சில நேரம் ஒரு செட்டிங்கை மாற்றினால் தீரும்.

முதலில் அந்த 2.

லேண்ட்லைனில் ஒரு பட்டனை அழுத்தினால் இரண்டு ஒலிகள் ஒன்றாக லைனில் போகும். கிடை வரிசைகளுக்கு 697, 770, 852, 941 ஹெர்ட்ஸ். நெடு வரிசைகளுக்கு 1209, 1336, 1477 ஹெர்ட்ஸ். 2 என்பது 697உம் 1336உம் சேர்ந்தது. 5 என்றால் 770உம் 1336உம். 1633 ஹெர்ட்ஸில் நான்காவது நெடு வரிசை ஒன்றும் தரநிலையில் உண்டு, நம் போன்களில் அதற்குப் பட்டன் இல்லை. 1963 நவம்பரில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பெல் நிறுவனம் இதைப் பொதுமக்களுக்குக் கொடுத்தபோது பத்துப் பட்டன்கள்தான் இருந்தன. * உம் # உம் 1968இல் வந்தன. ஒரு ஒலி போதாமல் இரண்டைச் சேர்த்ததற்குக் காரணம் மனிதக் குரல். கதைக்கும் சத்தத்தை இயந்திரம் தவறுதலாக இலக்கமென்று எடுக்கக்கூடாது. ஒன்றின் மடங்காக இன்னொன்று வராதபடி இந்த அலைவரிசைகளைத் தேர்ந்ததும் அதற்காகத்தான்.

மொபைலில் கதை வேறு. மொபைல் நெட்வர்க் குரலைச் சுருக்கி அனுப்புகிறது. அந்தச் சுருக்கும் முறை மனிதப் பேச்சுக்கென்றே செய்யப்பட்டது. சுத்தமான இரட்டை ஒலி அதற்குள் போனால் சிதைந்துதான் வெளியே வரும். ஆகவே நீங்கள் 2ஐ அழுத்தும்போது போன் ஒலியை அனுப்புவதே இல்லை. ‘2 அழுத்தப்பட்டது’, ‘2 விடப்பட்டது’ என்று நெட்வர்க்குக்கு இரண்டு தகவல்களை அனுப்புகிறது. உண்மையான ஒலியை நெட்வர்க்கின் எக்ஸ்சேஞ்ச் உண்டாக்கி வைத்தியசாலையின் லைனில் விடுகிறது. 4ஜி வழியாகப் போகும் வோல்ட்டீ கோலில் இலக்கம், குரலைச் சுமக்கும் டேட்டாப் பொதிகளோடு தனிப் பொதியாகப் போகும். உங்கள் காதில் கேட்கும் ‘பீப்’ போன் உங்களுக்காக மட்டும் போடுவது. அதனால் செட்டிங்ஸில் டயல்பேட் சத்தத்தை நிறுத்தினாலும் இலக்கம் போகும். சத்தத்தைக் கூட்டினாலும் கூடுதல் பயன் இல்லை.

இனி, எங்கே தடைப்படுகிறது என்று பார்ப்போம். அதிகம் நடப்பது மிகச் சாதாரணமான ஒன்று: காதிலிருந்து போனை எடுத்ததும் திரை வெளிச்சம் வராது. காதுக்குப் பக்கத்தில் திரையை அணைக்கும் சென்சர் போனின் மேல் விளிம்பில் இருக்கிறது. அதன்மேல் தடித்த டெம்பர்ட் கிளாஸோ, தூசியோ, எண்ணெய்ப் பிசுக்கோ இருந்தால் போன் இன்னும் காதில்தான் இருக்கிறதென்று நினைத்துக்கொள்ளும். அம்மா திரையை எழுப்பி, கீபேட் ஐகனைத் தேடி, 2ஐ அழுத்துவதற்குள் பதிவுக்குரலின் நேரம் முடிந்துவிடும். பெரும்பாலான ஹொட்லைன்கள் சில செக்கன்கள்தான் பொறுத்திருக்கும். அதற்கு மருந்து எளிது. ரிங் போகும்போதே ஸ்பீக்கரைப் போட்டு, கீபேடையும் திறந்து, போனை மேசையில் வைத்துவிட்டுக் கேட்கச் சொல்லுங்கள். கிளாஸை ஒருமுறை துடைத்தும் பாருங்கள்.

அடுத்தது, 2ஐ எப்படி அழுத்துவது என்பது. பட்டனைத் தொட்டு உடனே விடாமல் அரைச் செக்கன் அழுத்திப் பிடியுங்கள். நீண்ட நம்பர் கேட்டால், அதாவது அடையாள அட்டை இலக்கம், கணக்கு இலக்கம் போன்றவற்றை, ஒவ்வொன்றுக்கும் நடுவில் சின்ன இடைவெளி விட்டு அழுத்துங்கள். ஒவ்வொரு இலக்கமும் தனித் தகவலாகப் போவதால் மடமடவென்று அடித்தால் நடுவில் ஒன்று விழுந்துபோகலாம். எல்லாம் அடித்தபின் # கேட்கிறதா என்று கவனியுங்கள். பல இடங்களில் # வராமல் இயந்திரம் காத்துக்கொண்டே இருக்கும். ஸ்பீக்கரில் இருக்கும்போது பக்கத்தில் டிவி ஓடினால், அழுத்தும் நேரத்துக்கு மட்டும் மியூட்டில் போடுங்கள். மியூட் மைக்கைத்தான் நிறுத்தும். இலக்கங்கள் வழக்கம்போலப் போகும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் எடுபடவில்லையென்றால் சந்தேகம் வோல்ட்டீ அல்லது வைஃபை கோலிங் மேல். சில போனும் சில நிறுவனத்தின் பழைய டெலிபோன் சிஸ்டமும் சேரும்போது அந்தத் தனிப் பொதி ஒலியாக மாறாமல் போகும், அல்லது பொதியாகவும் ஒலியாகவும் இரண்டு வழியில் போய் 2 என்பது 22 ஆகப் பதியும். ‘தவறான தெரிவு’ என்று குரல் சொன்னால் இந்த இரட்டிப்பாக இருக்கலாம். முதலில் வைஃபை கோலிங்கை நிறுத்திப் பாருங்கள். பிறகு வோல்ட்டீயை நிறுத்தி இன்னொருமுறை. போனில் கோளாறா, அந்த ஹொட்லைனில் கோளாறா என்று பிரித்தறிய, ஒரு வீட்டு லேண்ட்லைனுக்கு எடுத்து, அங்கே ஒருவரைக் காதில் வைத்திருக்கச் சொல்லி, 1 முதல் 9 வரை அழுத்துங்கள். ஒவ்வொன்றுக்கும் தெளிவாக ஒரே ஒரு ஒலி கேட்டால் உங்கள் பக்கம் சரி. ஹொட்லைன்காரரிடம்தான் முறையிட வேண்டும்.

வாட்ஸ்அப், வைபர் கோலில் இந்த இலக்கங்கள் வேலை செய்யாது. அவை இன்டர்நெட்டில் ஆளுக்கு ஆள் கதைப்பதற்கானவை. ஹொட்லைனுக்குச் சாதாரண கோல்தான் எடுக்கவேண்டும்.

தமிழ் வாசகர்களுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. வழமையாகச் சிங்களத்துக்கு 1, தமிழுக்கு 2, ஆங்கிலத்துக்கு 3 என்று வரும். இடத்துக்கிடம் மாறவும் மாறும். தமிழ் அறிவிப்பு இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ வருவதால் அதுவரை காத்திருந்து அழுத்துபவருக்குக் கிடைக்கும் நேரம் குறைவு. ஆனால் பல சிஸ்டங்கள் அறிவிப்பு முடியுமுன்னரே இலக்கத்தை ஏற்கும். தமிழுக்கு எது என்று ஒருமுறை தெரிந்துவிட்டால் அடுத்தமுறை சிங்கள அறிவிப்பு ஓடும்போதே அழுத்திவிடலாம். ஏற்காத சிஸ்டமும் உண்டு, முயன்று பார்த்தால் தெரிந்துவிடும்.

இதைவிட நல்ல வழி, இலக்கத்தை நம்பரோடு சேர்த்தே சேமித்து வைப்பது. கொன்டக்டில் ஹொட்லைன் நம்பருக்குப் பின்னால் ஒரு காற்புள்ளி போட்டால், மறுபக்கம் கோல் எடுபட்டபின் ஸ்மார்ட் போன் 2 செக்கன் பொறுத்து அடுத்த இலக்கத்தை அனுப்பும். வரவேற்புக் குரல் 6 செக்கன், அடுத்த மெனு 4 செக்கன், அதில் உங்களுக்கு வேண்டியது 4 என்றால் நம்பருக்குப் பின்னால் இப்படி: ,,,2,,4. அரைப்புள்ளி போட்டால் போன் அந்த இடத்தில் நின்று, ‘அனுப்பட்டுமா’ என்று திரையில் கேட்கும். நீங்கள் ஆம் என்றதும் அனுப்பும். ஐபோனில் நம்பர் எழுதும் இடத்தில் +*# என்ற பட்டனை அழுத்தினால் இரண்டு தெரிவும் வரும். அன்ட்ராய்டில் டயல்பேடின் மூன்று புள்ளி மெனுவில் இருக்கும். நோக்கியா வகைக் கீபேட் போனில் * ஐ அடுத்தடுத்து அழுத்தினால் +, பிறகு ஆங்கில ‘பீ’, பிறகு ‘டபிள்யூ’ வரும். பீ என்றால் இடைநிறுத்தம், டபிள்யூ என்றால் உங்களுக்காகக் காத்திருப்பது. சிம்மில் சேமித்த நம்பரில் ஒரு பீக்குச் சுமார் 3 செக்கன் என்று தரநிலை சொல்கிறது; ஆகவே ஸ்மார்ட் போனில் சரியாக இருந்த இடைவெளி கீபேட் போனில் கொஞ்சம் தள்ளிப்போகும். போன் மெமரியில் சேமித்து ஒருமுறை சோதியுங்கள். கந்தோர்களுக்கும் இதே முறைதான்: 011 நம்பர், இரண்டு காற்புள்ளி, எக்ஸ்டென்ஷன்.

வங்கி பின் இலக்கத்தை மட்டும் இப்படிச் சேமிக்கவே வேண்டாம். கொன்டக்ட் கூகுளிலோ ஐகிளவுடிலோ பிரதியாகும்; போனைக் கையில் எடுக்கும் எவரும் பார்க்கலாம்.

இனி அப்பாவின் கடை. இரண்டாவது கோலின் சத்தம் காதில் கேட்கவேண்டுமென்றால் கோல் வெயிட்டிங் நெட்வர்க்கில் ஒன் ஆகியிருக்க வேண்டும். *43# அடித்துக் கோல் பட்டனை அழுத்தினால் ஒன், #43# என்றால் ஓஃப், *#43# என்றால் இப்போதைய நிலை. இவை ஜிஎஸ்எம் தரநிலைக் குறியீடுகள். ‘இன்வெலிட் எம்எம்ஐ கோட்’ என்று வந்தால் மெனு வழியாகப் போங்கள்: சாம்சங்கில் போன் செயலியின் செட்டிங்ஸில் ‘சப்ளிமென்டரி சேர்விசஸ்’, ஐபோனில் செட்டிங்ஸின் போன் பகுதி.

கீபேட் போனில், கதைத்துக்கொண்டிருக்கும்போது பீப் கேட்டதும் ஒரு இலக்கமும் கோல் பட்டனும் போதும். 2உம் கோல் பட்டனும்: இப்போதைய ஆள் ஹோல்டுக்குப் போவார், புதியவர் லைனுக்கு வருவார், மறுபடி அதையே அழுத்தினால் இருவரும் இடம் மாறுவார்கள். 1உம் கோல் பட்டனும்: கதைத்துக்கொண்டிருக்கும் கோல் முடியும், மற்றவர் லைனுக்கு வருவார். 0உம் கோல் பட்டனும்: காத்திருக்கும் கோலை மறுக்கும், யாரும் காத்திருக்காவிட்டால் ஹோல்டில் இருப்பவரைக் கட் பண்ணும். 3உம் கோல் பட்டனும் இருவரையும் உங்களோடு சேர்க்கும். அப்பாவுக்கு 2 ஒன்றைப் பழக்கினாலே போதும். சிவப்புப் பட்டன் பக்கமே போகவேண்டாம் என்று சொல்லுங்கள். தடுமாற்றம் முழுவதும் அதில்தான் தொடங்குகிறது: சில போன்களில் அது புதிய கோலை மறுக்கும், சிலவற்றில் நடந்துகொண்டிருக்கும் கோலை முடிக்கும், ஹோல்டில் ஒருவரும் லைனில் ஒருவரும் இருக்கும்போது சிலவற்றில் இருவரையுமே கட் பண்ணும்.

ஒரு எச்சரிக்கை. லைனில் இருப்பது பதிவுக்குரல் என்றால் இந்த இலக்கம் மெனுவுக்கும் போய்ச் சேரலாம். வங்கி மெனுவில் இருக்கும்போது 2 அழுத்திக் கோலை மாற்றப் போனால் மெனுவில் 2 தெரிவாகிவிடும். அப்படிப்பட்ட நேரத்தில் திரையில் வரும் ‘ஒப்ஷன்ஸ்’ மெனுவிலிருந்து மாற்றுங்கள். ஹோல்டில் இருக்கும் கோலுக்கு இலக்கம் போகவே போகாது. எது லைனில் இருக்கிறதோ அதற்குத்தான் போகும்.

வங்கி ஹொட்லைனில் வரிசையில் காத்திருக்கும்போது வேறு கோல் வந்தால் எடுக்காமல் விடுவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. அந்த இயந்திரத்துக்கு நீங்கள் அதை ஹோல்டில் போட்டது தெரியாது. ஊழியர் வந்து ‘ஹலோ’ சொல்லி, பதில் இல்லாமல் வைத்துவிடுவார். இருபது நிமிடக் காத்திருப்பு வீணாகும். வங்கிக் கோல் அவசரமானதென்றால் வங்கிக்கு எடுப்பதற்கு முன்பே #43# அடித்து வெயிட்டிங்கை நிறுத்திவிட்டு, முடிந்தபின் *43# போடுங்கள்.

வெயிட்டிங் ஓஃப் என்றால் இரண்டாவது ஆளுக்கு பிஸி என்று கேட்கும். கடைக்கு அது நட்டம் என்றால் பிஸியான கோலை இன்னொரு போனுக்குத் திருப்பலாம்: **67*, திருப்பவேண்டிய நம்பர், #. யாரும் எடுக்காவிட்டால் திருப்ப **61*, நம்பர், **20#. இதில் 20 என்பது செக்கன், 5 முதல் 30 வரை ஐந்தைந்தாகப் போடலாம். வெயிட்டிங் ஒன்னில் இருக்கும்போது இவை இரண்டும் வேறு வேறாக நடந்துகொள்ளும். காத்திருக்கும் கோலை நீங்கள் மறுத்தால் 67இன் வழியில் போகும். எடுக்காமல் விட்டால் 61இன் வழியில் போகும். லொறி டிரைவரின் கோலை மறுத்தபோது அது எங்கேயோ போய்விட்டதே என்று குழம்புவதற்குக் காரணம் இதுதான்.

இரட்டைச் சிம் போன்களில் இன்னொரு சங்கதி. கொழும்பில் ஒரு போனில் டயலொக்கும் மொபிடெலும் சேர்த்து வைத்திருப்போர் பலர். ஒரு சிம்மில் கதைத்துக்கொண்டிருக்கும்போது பெரும்பாலான போன்களில் மற்றச் சிம் நெட்வர்க்கோடு தொடர்பில் இருக்காது. அதற்கு எடுப்பவருக்குப் போன் ஓஃப் என்றுதான் கேட்கும், வெயிட்டிங் சத்தம் வராது. அது வேண்டுமென்றால் முதல் சிம்மில் **62*, இரண்டாம் சிம்மின் நம்பர், # என்றும், இரண்டாம் சிம்மில் முதலாவதின் நம்பரைப் போட்டு அதேபோலவும் செய்யுங்கள். 62 என்பது ‘தொடர்பில் இல்லை’ என்ற நிலைக்கானது. இனி எந்தச் சிம்முக்கு வந்தாலும் கதைத்துக்கொண்டிருக்கும் சிம்முக்குத் திரும்பி வெயிட்டிங்காகக் கேட்கும். சாம்சங்கின் ‘டூவல் சிம் ஓல்வேஸ் ஒன்’ இதே வேலையைத்தான் செய்கிறது. திருப்பிவிட்ட பகுதிக்கான கட்டணம் திருப்பியவரின் கணக்கில் விழும். வேறு நெட்வர்க் என்றால் பெக்கேஜைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாமாவையும் அண்ணாவையும் சேர்ப்பது. முதலில் மாமாவுக்கு எடுத்துக் கதையுங்கள், ‘அட் கோல்’ அழுத்தி அண்ணாவுக்கு எடுங்கள், அவர் எடுத்து ‘ஹலோ’ சொன்னபின் ‘மெர்ஜ்’. அவர் எடுக்குமுன் அழுத்தினால் மெர்ஜ் வராது. இப்படி வெளியிலிருந்து ஐந்து பேர் வரை சேரலாம், உங்களோடு ஆறு. சேர்ந்த குழுவை நெட்வர்க் ஒரே கோலாகத்தான் எண்ணும். அதற்கு மேல் ஹோல்டில் ஒன்றும் வெயிட்டிங்கில் ஒன்றும் இருக்கலாம். ஒருவரை மட்டும் விலக்க அன்ட்ராய்டில் ‘மனேஜ்’ என்ற பகுதி, ஐபோனில் பெயருக்குப் பக்கத்துத் தகவல் குறி. மெர்ஜ் தெரிவே மங்கலாக இருந்தால் மூன்று காரணங்களைப் பாருங்கள்: இரண்டு கோலும் ஒரே சிம்மில் இல்லை, ஒன்று வாட்ஸ்அப் கோல், அல்லது உங்கள் இணைப்பில் கொன்பரன்ஸ் வசதி திறக்கப்படவில்லை. உங்களுக்கு நடந்தது இரண்டாவதாக இருக்கலாம்: அண்ணா வாட்ஸ்அப்பில் எடுத்திருந்தால் மாமாவின் சாதாரண கோலோடு அதைச் சேர்க்க வழியே இல்லை. கனடாவுக்குச் சர்வதேசக் கட்டணம் கொடுப்பதைவிட மாமாவையும் வாட்ஸ்அப்புக்குக் கொண்டுவந்து குழுவாகக் கதைப்பது மலிவு. அதில் 32 பேர் வரை இடம் இருக்கிறது. சாதாரண கோலில் நீங்கள் எடுத்த ஒவ்வொரு கோலுக்கும் தனித்தனியாக நிமிடம் ஓடும், ஹோல்டில் இருந்தாலும் ஓடும்.

கோல் 2ஜிக்கு இறங்கி நடக்கும் போன்களில் அந்த நேரம் மொபைல் டேட்டா நின்றுவிடும். வங்கியோடு கதைத்தபடியே வங்கிச் செயலியைத் திறக்க முடியாமல் போவது அதனால்தான். வீட்டு வைஃபையில் இருந்தால் அந்தப் பிரச்சினை இல்லை.

கடைசியாக, அம்மாவுக்கு இதைக் கட்டாயம் சொல்லிவையுங்கள். ‘நண்பர் ஒருவர் வேறு நம்பரிலிருந்து எடுக்கிறார், அந்தக் கோலையும் மெர்ஜ் பண்ணுங்கள்’ என்று அறியாத ஒருவர் சொன்னால் மெர்ஜ் பண்ணக்கூடாது. வந்திருப்பது ஓடிபி இலக்கத்தைக் குரலில் சொல்லும் கோலாக இருக்கலாம். மெர்ஜ் பண்ணியதும் அந்த இலக்கம் அவர் காதிலும் விழும். பார்சல், பரிசு, சிம் அப்டேட் என்று ஏதாவது சொல்லி *21* அல்லது **21* இல் தொடங்கும் ஒன்றை அடிக்கச் சொன்னாலும் அடிக்கக்கூடாது. அது உங்கள் எல்லாக் கோல்களையும் அவர் நம்பருக்குத் திருப்பிவிடும். மெர்ஜ் செய்த கோலில் பின் இலக்கம் எதையும் அழுத்தவும் வேண்டாம். அந்த ஒலி மற்றவருக்கும் கேட்கும். அதைப் பதிவுசெய்து எந்த இலக்கம் என்று பிரித்தெடுப்பது சுலபம். ஏற்கெனவே ஏதாவது அடித்திருப்பாரோ என்று சந்தேகம் இருந்தால் *#21# அடித்துப் பாருங்கள். அறியாத நம்பர் இருந்தால் ##002# அடியுங்கள், எல்லாத் திருப்பல்களும் ஒரேயடியாக அழியும். நீங்களாகப் போட்ட 61, 62, 67 உம் அதோடு போய்விடும் என்பதால் அவற்றை மறுபடி போடவேண்டும். பிறகு உடனே வங்கிக்குச் சொல்லி, வாட்ஸ்அப்பில் இரண்டு-படிச் சரிபார்ப்பையும் போடுங்கள்.